எழுத்து எவர் சொத்து?

எழுத்தைத் தந்தவர் யார் என்று பழைய இனங்களைக் கேட்டால், பெரும்பாலோர் வானத்தைக் காட்டுவர். எகிப்தியர் தோத் என்னும் தெய்வத்தைக் கூறினர். பாபிலோனியர் நாபு என்னும் தெய்வத்தைக் கூறினர். இங்கோ, ஏடேந்திய கலைமகள் வெண்டாமரையில் வீற்றிருக்கிறாள். அவள் அருள் இருந்தால் எழுத்து வரும், இன்றேல் வராது என்பது நமக்குச் சொல்லப்பட்ட பாடம். கற்றவன் அருள் பெற்றவன், கல்லாதவன் அருள் பெறாதவன்! கல்லாதவனாக வைத்தவன் யார் என்ற கேள்வியே எழாதபடி எவ்வளவு திறமையாகத் திரை போட்டுவிட்டார்கள், பாருங்கள்!

கிரேக்கரிடமும் புராணத்துக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அவர்களுள் ஒருவன், வரலாறு வரைந்த ஹெரோடோட்டஸ், கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே உள்ளதை உள்ளவாறு எழுதி வைத்தான்: எழுத்தை நாங்கள் பினீசியரிடம் கற்றோம் என்று. பினீசியர் யார்? கப்பலோட்டிய வணிகர், வேற்று மொழியினர். அவர்களிடம் கற்றோம் என்று சொல்லுவதால் கிரேக்கத்தின் பெருமை குன்றிவிடவில்லை. உண்மை உரைப்போன் உயர்ந்தே நிற்பான்.

இன்று நம்மிடையே எழுத்தைப் பற்றி உலவும் பேச்சுகள் இரண்டு. ஒன்று பழையது: தெய்வம் தந்தது என்பது. மற்றொன்று புதியது: எம் எழுத்தே உலகுக்கு முதல் எழுத்து, எவரிடமும் எதையும் பெற்றிலோம் என்பது. முதற்பேச்சை மறுக்கும் நம் இளைஞருள் சிலர் இரண்டாவதில் மயங்கி நிற்கின்றனர். இரண்டையும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே நம் கடன்.

எழுத்தற்ற நிலை எத்தகையது என்று அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சேலத்தை அடுத்து எழும் சேர்வராயன் மலையே போதும். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்நாட்டு மாந்தரின் பழமையைப் புராணக் கணக்கிலிருந்து மீட்டு அறிவியல் கணக்கில் சேர்த்தவர் இராபர்ட் புரூஸ் பூட். அவர் தம் முதுமைக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912இல் மறைந்த அவருடைய கல்லறையும் ஏற்காட்டிலேதான் இருக்கிறது. இந்த மலையில் புதிய கற்கால மக்கள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய கற்கோடரிகள் கிடைத்துள்ளன. அவற்றை எடுத்த மலைவாழ் மக்கள் என்ன செய்தனர்? சிறு கோயில்களில் பிள்ளையார் முன்னே அடுக்கி வைத்து வழிபட்டனர்!

நாம் அம்மக்களை நகையாடவில்லை. எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். ஓர் உழைப்பாளி காடு திருத்தக் கல்லைத் தேய்த்தான். அவன் பெயர் என்ன, எந்த நாளில் வாழ்ந்தான் என்று அந்தக் கல் கூறவில்லை. கூற இயலாத கருவி காலப்போக்கில் தெய்வமாகிவிட்டது.

இதனோடு ஒப்பிட, மலையிலிருந்து இறங்கி மேற்கே நொய்யலாற்றங்கரைக்குச் செல்வோம். அங்கே கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழ்வாய்வுகளில், பெயர் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. வைகைக்கரைக் கீழடியிலும் அவ்வாறே. அங்கு ‘ஆதன்’ என்ற பெயரைத் தாங்கிய ஓடு கிடைத்தது. அந்தப் பானையை எவரும் தெய்வமாக்கவில்லை. அது ஆதனின் பானை! ஈராயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் அது ஆதனுடையதாகவே இருக்கிறது. எழுத்தற்ற கருவி தெய்வமாயிற்று. எழுத்துள்ள பானை மனிதனுடையதாகவே நின்றது. எழுத்து செய்யும் முதற்பணி இதுதான், தோழர்களே! உழைத்தவன் பெயரை உழைத்தவனிடமே நிறுத்துவது.

இனி, எழுத்து எப்படி வாழ்கிறது, எப்படி மடிகிறது என்று காண்போம். இதற்குக் கிரேக்கத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பதரிது. ஏனெனில் அந்நாடு இருமுறை எழுத்துப் பெற்றது; ஒருமுறை இழந்தது.

முதன்முறை பெற்ற எழுத்து அரண்மனை எழுத்து. களிமண் பலகைகளில் கீறப்பட்ட அக்குறிகள் கிரேக்க மொழியே என்று 1952இல் கண்டறிந்தவர் மைக்கேல் வென்ட்ரிஸ். படித்தபோது அவற்றுள் பாட்டு இல்லை; கதை இல்லை. ஆடு எத்தனை, எண்ணெய் எவ்வளவு, தேர்ச்சக்கரம் எத்தனை என்ற கணக்குத்தான் இருந்தது! எழுதத் தெரிந்தோர் அரண்மனைக் கணக்கர் சிலரே. கி.மு. 1200ஐ ஒட்டி அரண்மனைகள் எரிந்தன. எழுத்தும் உடன் எரிந்தது. பிறகு நானூறு ஆண்டுகள் அளவும் கிரேக்க மண்ணில் எழுத்தின் தடமே இல்லை. ஒரு சிலர் கையில் பூட்டி வைத்த அறிவு, பூட்டியவர் வீழ்ந்ததும் வீழ்ந்தது.

இரண்டாம் முறை பெற்றதோ வணிகர் வழி வந்த எழுத்து. கி.மு. 8ஆம் நூற்றாண்டில், பினீசியரோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த இடங்களில் கிரேக்கர் அவர்களுடைய 22 எழுத்துகளைக் கற்றனர். இரவல் வாங்கியதன் முத்திரை எழுத்தின் பெயரிலேயே இருக்கிறது. ஆல்ஃபா, பீட்டா என்ற சொற்களுக்குக் கிரேக்க மொழியில் பொருளே கிடையாது. அலெஃப் என்றால் எருது, பெத் என்றால் வீடு. இவை பினீசியரின் சொற்கள்.

வாங்கியதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை கிரேக்கர். பினீசிய எழுத்து இருபத்திரண்டும் மெய்யெழுத்துகளே. உயிரொலியைப் படிப்பவன்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். கிரேக்கர் தம் மொழியில் இல்லாத ஒலிகளுக்குரிய எழுத்துகளை எடுத்து, அவற்றுக்கு உயிரொலிகளை ஏற்றினர். அலெஃப் அகரமாயிற்று, அயின் ஒகரமாயிற்று. ஊகம் ஒழிந்தது, பார்த்தவன் படிக்கலாம் என்ற நிலை பிறந்தது.

படித்தவர் எவர்? ஏதென்சில் கிடைத்த கி.மு. 740ஐ ஒட்டிய மதுச்சாடி ஒன்றில், நன்றாக ஆடுபவனுக்கு இது பரிசு என்னும் பொருள்படச் செய்யுள் கீறப்பட்டிருக்கிறது. இத்தாலியை அடுத்த இஸ்கியா தீவில் 1954இல் வெளிப்பட்ட கோப்பை ஒன்றிலும் குடியையும் காதலையும் பற்றிய செய்யுள் வரிகள். இவற்றைக் கொண்டு, ஹோமரின் காவியத்தை எழுதி வைக்கவே ஒருவன் உயிரெழுத்தை உருவாக்கினான் என்று 1991இல் பாரி பவல் நூல் எழுதினார். சுவையான கருத்துத்தான். ஆனால் கிடைத்தவை சாடியும் கோப்பையும்; காவிய ஏடுகள் அல்ல. விருந்துக் கூடத்தில் விளையாட்டாகக் கீறியவை அவை. ஒரு பேரறிவாளனைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. பலர் கை பட்டுப் பழகியதால் பண்பட்டது அவ்வெழுத்து என்பதே சான்றுகளோடு ஒட்டிவரும் முடிபு. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்து சென்ற கிரேக்கக் கூலிப்படை வீரர், அபு சிம்பல் கோயிலின் பெருஞ்சிலைக் காலில் தம் பெயர்களைப் பொறித்துச் சென்றனர். அரசன் சிலை, அதன் காலிலே வீரன் எழுத்து!

இதுகாறும் கிரேக்கரைப் போற்றினோம். இனி, அவர் பெயரால் கட்டப்படும் ஒரு கோட்டையையும் தட்டிப் பார்ப்போம். உயிரெழுத்துடன் கூடிய நெடுங்கணக்கே பகுத்தறிவைப் பெற்றது, கிரேக்க எழுத்து இல்லையேல் கிரேக்கச் சிந்தனை இல்லை, பிறர் எழுத்துகள் அத்தகுதி பெறா என்று வாதிட்டவர் எரிக் ஹேவ்லாக். எழுத்தின் அமைப்பே அறிவைத் தந்துவிடும் என்றால், அந்த எழுத்து வழங்கிய நாட்டில் எல்லோரும் அறிவு பெற்றிருக்க வேண்டுமன்றோ?

ஏதென்சில் ஒருவனை நாடு கடத்த வேண்டுமெனில், குடிமக்கள் அவன் பெயரைப் பானையோட்டில் கீறி இடுவர். ஆறாயிரம் ஓடுகள் வேண்டும். ஆகவே ஆறாயிரம் பேர் எழுதத் தெரிந்தவர்கள் என்று முடிவு கட்டினர் பலர். ஆனால் 1937இல் அக்ரோபொலிஸ் குன்றின் வடசரிவில், தெமிஸ்டோக்ளிஸ் பெயர் கீறிய ஓடுகள் ஏறத்தாழ 190 ஒரே இடத்தில் கிடைத்தன. கையெழுத்தை ஒப்பிட்டனர். எழுதிய கைகள் பதினான்கே! எவரோ முன்கூட்டியே எழுதிக் குவித்து, வருவோரிடம் கொடுக்க வைத்திருந்தனர். எழுதத் தெரியாதவன் கையில் எழுதிய ஓட்டைத் திணிக்கும் வித்தை நேற்று வந்ததன்று என்பது இதனால் விளங்குகிறது. பண்டை எழுத்தறிவை ஆய்ந்த வில்லியம் ஹாரிஸ், ஏதென்ஸ் நாட்டு மக்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்து, மிகுந்தால் பதினைந்து என்று 1989இல் கணித்தார். அடிமைகளும் பெண்களும் பெரும்பாலும் வெளியே நின்றனர். எழுத்தின் அமைப்பு வேறு. அதை எவரெவர் கற்க விட்டார்கள் என்பது வேறு. பின்னதே நாட்டின் தரத்தைக் காட்டும்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வருவோம்.

மதுரையை அடுத்த மாங்குளம் குகைக் கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சுவெல் கண்டார். அவை தமிழாக இருக்கும் என்று நெடுநாள் எவரும் எண்ணவில்லை. பாலி என்றும் பிராகிருதம் என்றும் படித்துத் தடுமாறினர். 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அவை தமிழே என்று காட்டினார். பின்னர் வாழ்நாள் உழைப்பால் ஐராவதம் மகாதேவன் அவற்றை முறைப்படுத்தி 2003இல் பெருநூலாக வெளியிட்டார். அக்கல்வெட்டுகளில் யார் யார் இருக்கின்றனர்? நெடுஞ்செழியன் இருக்கிறான், அவனோடு வெள்ளறை வணிகக் குழுவினரும் இருக்கின்றனர். அழகர்மலையில் உப்பு வணிகன், கொழு வணிகன், பொற்கொல்லன். புகழூரில் பொன் வணிகன். உப்பு விற்றவனும் கலப்பைக்கொழு விற்றவனும் கல்லில் பெயர் பெற்ற நாடு இது! கடல் கடந்தும் அப்படியே: எகிப்தின் குசைர் துறைமுகத்தில் கணன், சாதன் என்ற பெயர் தாங்கிய ஓடுகள்; தாய்லாந்தில் பொன் உரைக்கும் கல் ஒன்றில், இது பெரும்பதனின் கல் என்ற எழுத்து. பொற்கொல்லன் தன் தொழிற்கருவியில் தன் மொழியில் பெயர் பொறித்தான். சேர்வராயன் மலைக்கோடரி பேசாதது, தாய்லாந்து உரைகல்லில் பேசுகிறது.

மலைக்கு வடக்கே தகடூர் நாடு. அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர், 1981இல் கண்டறியப்பட்ட சம்பைக் கல்வெட்டில் இருக்கிறது. பிற்காலத்தில் அதே தருமபுரி வட்டாரத்தில் ஆநிரை காத்து மாண்ட வீரர்க்கு வட்டெழுத்தில் நடுகற்கள் எழுந்தன. மலையடிவாரம் வரை எழுத்து வந்தது என்பதற்கு இவை சான்று.

இவ்வெழுத்து எங்கிருந்து வந்தது? அசோகன் காலப் பிராமியிலிருந்து கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வந்தது என்பார் மகாதேவன். பொருந்தலில் எழுத்துப் பொறிப்புடன் புதைந்திருந்த நெல்லுக்கு ஆய்வுக்கூடம் தந்த காலம் கி.மு. 490, கீழடிக்கு 2019இல் தமிழகத் தொல்லியல் துறை அறிவித்த காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு. இவற்றைக் கொண்டு அசோகனுக்கு முன்பே தமிழர் எழுதினர் என்பார் கா. இராசன். இது அறிஞரிடையே நடக்கும் அறிவுப் போர். சான்று எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கம் நாமும் சாய்வோம். ஆனால் ஒன்று: பிராமிக்கு மூலம் அரமேய எழுத்து என்ற கருத்து சரியெனில், அரமேயமும் பினீசியத்தின் வழிவந்ததே ஆகையால், கிரேக்க ஆல்ஃபாவும் தமிழ் அகரமும் ஒரு குடியில் பிறந்தவை ஆகும். இக்கருத்தை மறுத்து, பிராமி இங்கேயே தோன்றியது என்பாரும் உளர். எது மெய்யாயினும் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிரேக்கன் இரவல் வாங்கினான்; இழிவடைந்தானா?

பெருமை தேடுவோர் தேட வேண்டிய இடம் வேறு. பிராமியில் ஒவ்வொரு மெய்யெழுத்தும் தன்னுள் அகரத்தை ஏந்தி நிற்கும். தமிழிலோ மெய்யில் முடியும் சொற்கள் மிகுதி. கண், மண், கல், நெல் என்று எழுதியாக வேண்டும். பல முறைகளைச் சோதித்துப் பார்த்த தமிழர் இறுதியில் ஒரு புள்ளி வைத்தனர். அகரம் அகன்றது, மெய் தனித்து நின்றது. தொல்காப்பியம் அதை விதியாகவே வகுத்தது. கிரேக்கன் உயிருக்கு எழுத்துக் கொடுத்தான். தமிழன் உயிரை விலக்கக் குறி கொடுத்தான். ழ, ள, ற, ன என்று தன் மொழிக்கு வேண்டிய எழுத்துகளையும் ஆக்கிக்கொண்டான். இருவரும் செய்தது ஒன்றே: வந்த எழுத்தைத் தம் மொழிக்கு ஏற்பத் திருத்தினர். எழுத்து திருத்தத்தக்கது என்பதே அதன் பிறப்பு வரலாறு தரும் பாடம். வானத்திலிருந்து விழுந்ததாயின் திருத்த முடியுமா?

அதனால்தான் 1935இல் பெரியார் ‘குடி அரசு’ ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது, புனிதம் கெட்டதென்று புலம்பியோர்க்கு வரலாறு துணை நிற்கவில்லை. புள்ளி வைத்த முன்னோனும் சீர்திருத்தக்காரனே. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டைத் தெளிவாக்கிய வீரமாமுனிவரும் சீர்திருத்தக்காரரே. 1978இல் தமிழக அரசு பெரியாரின் திருத்தத்தை ஏற்றது. இன்று அவ்வெழுத்தில்தான் குழந்தை படிக்கிறது.

ஆயினும், தோழர்களே, பானையோட்டைக் கையிலேந்திப் பண்டைத் தமிழர் யாவரும் படித்தவர் என்று முழங்குவோரையும் தடுத்து நிறுத்த வேண்டும். ஓட்டில் பெயர் இருந்தால் உடையவன் எழுதினான் என்பது உறுதியா? ஏதென்சின் பதினான்கு கைகளை மறந்துவிடலாகாது. நடுகல்லில் பெயர் பெற்ற மாட்டுக்காரன் தன் பெயரைப் படிக்கத் தெரிந்தவனா? எழுத்து பரவலாக வழங்கியது என்று சொல்லலாம். எல்லோர்க்கும் வாய்த்தது என்று சொல்லச் சான்று போதாது.

அதைவிடக் கடிய கேள்வி ஒன்று உண்டு. உப்பு வணிகன் பெயரைக் கல்லில் கண்ட நாட்டிற்குப் பின்னாளில் என்ன நேர்ந்தது? முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டைப் படியுங்கள். 340 மாணவர், 14 ஆசிரியர், உண்டி, உறையுள், நெல் மானியம். கற்பித்தவை வேதமும் வடமொழி இலக்கணமும் மீமாம்சையும்! உழவன் விளைத்த நெல் அங்கே சென்றது. உழவன் மகன் அங்கே செல்லவில்லை. திண்ணைப் பள்ளிகள் இருந்தன என்பதை நாம் மறைக்கவில்லை. 1826இல் தாமஸ் மன்றோ எடுத்த கணக்கில் சென்னை மாகாணம் முழுதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர். சூத்திரர் எனப் பட்டவர் பிள்ளைகளும் அவருள் பலர். ஆனால் மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 28 இலட்சம்! பெண்கள் அருகியே இருந்தனர். சேரியும் மலையும் வெளியே இருந்தன. 1901இல் இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 5.35. எழுத்து அழியவில்லை; எரியவில்லை. பூட்டப்பட்டது.

பூட்டப்பட்ட எழுத்து என்ன செய்யும் என்பதைச் சேர்வராயன் மலை மக்களின் வரலாறே காட்டும். மலையாளிகள் என்று வழங்கப்படும் அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என மூன்று மலைகளில் குடியேறினர் என்பது அவர்கள் வாய்மொழிக் கதை. அந்தக் கதை ஏட்டில் ஏறியது எப்போது? வெள்ளையர் ஆட்சியில், தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலைப் போன்றவற்றில்! தன் கதையைத் தான் எழுதாதவன் பிறர் ஏட்டில் ஒரு பத்தியாகிவிடுகிறான். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் மலையில் காப்பிப் பயிரை நுழைத்தார், தோட்டங்கள் பெருகின, நிலப் பத்திரங்கள் எழுதப்பட்டன. எழுதத் தெரியாதவனுக்கு அந்தப் பத்திரம் பினீசியருக்கு முந்தைய இருளாகத்தானே இருந்திருக்கும்?

நிலை மாறவில்லை என்று நாம் கூறோம். பள்ளிகள் வந்தன, 1956இல் மதிய உணவு வந்தது, 1982இல் சத்துணவாக விரிந்தது, 2022இல் காலை உணவும் சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80. ஆனால் அதே கணக்கில் பழங்குடியினருள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 54! தொலைதூர ஊர்ப் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கும் உறைவிடப் பள்ளிகளால் பெயர் பெற்றது ஏற்காடு. அம்மலையின் சொந்தப் பிள்ளை பழங்குடிப் பிள்ளை. அவன் இனத்தாருக்குக் கணக்கு காட்டும் எண்ணோ 54. எண்பதுக்கும் ஐம்பத்து நான்குக்கும் இடையே கிடக்கும் இருபத்தாறுதான் நாம் இன்னும் ஏற வேண்டிய மலை.

ஆகவே, எழுத்து எவர் சொத்து? தெய்வத்தின் சொத்து என்றவர் பூட்டுப் போட்டனர். இனத்தின் சொத்து என்போர் பூட்டைப் பார்க்காமல் பெட்டியின் பழமையைப் புகழ்கின்றனர். அரண்மனையின் சொத்தாக இருந்தபோது அது செத்தது. வணிகன், குயவன், வீரன், கொல்லன் கைகளில் அது வாழ்ந்தது. கீழடி ஓட்டின் வயதை இன்னும் நூறாண்டு முன்னே தள்ளுவதற்கு வாதிடும் இளைஞனே, வாதிடு, சான்றோடு வாதிடு. ஆனால் அந்த வாதம் முடிந்ததும் ஒரு கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு தலைச்சோலைப் பக்கம் ஏறிப் போ. அங்கே தன் பெயரை இன்னும் எழுதாத ஒரு கை இருக்கும். அந்தக் கை ‘ஆ’ என்று முதல் எழுத்தைத் தானே கீறும் நாளில், ஆதன் பானையின் பெருமை முழுமை பெறும்.